கண்ணாடிக்குள் மலர்வனம்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த அலுவலகங்களில், சோளகக் காற்று வீசும் மாதங்களிலே சாளரத்தைத் திறந்துவிட்டால் மேசைமீது ஒரு தாளும் தங்காது. அப்போதுதான் பேப்பர் வெயிட் என்னும் கண்ணாடிக் குண்டின் அருமை விளங்கும். அதனைத் தேடித் தேடிச் சேர்ப்போரும் உளர் என்றால் மாணவர் நகைக்கக்கூடும். அன்னாருக்குச் சங்கமே உண்டு! 1953ஆம் ஆண்டில் பால் ஜோகல்சன் என்பவர் அமெரிக்காவில் அதனை நிறுவினார். அங்கே வட்டாரந்தோறும் அன்பர்கள் கூடித் தத்தம் குண்டுகளை ஒப்பிட்டு ஆராய்வர்.

அவர்கள் பெரிதும் போற்றுவன, 1845ஐ ஒட்டிப் பிரான்சு தேசத்துப் பக்கரா, சேன் லூயி, கிளிஷி ஆலைகளில் பிறந்தவை. பல நிறக் கண்ணாடிக் கோல்களைக் கட்டாகச் சேர்த்துச் சூடேற்றி, நீள இழுத்து மெலிதாக்கிக் குறுக்கே அரிவர். வாழைத்தண்டைப் போல, எவ்விடத்தில் அரிந்தாலும் உள்ளே ஒரே உருவந்தான். அவ்வில்லைகளைப் பூக்களாக அடுக்கித் தெளிந்த கண்ணாடிக் குழம்பால் மூடுவர். பின்னர் மெல்ல மெல்ல ஆறவிடல் வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

சில பத்தாண்டுகளில் மோகம் தணிந்தது. வித்தை அறிந்தோரும் அருகினர். 1951இல், போரில் சிதைந்த பக்கராத் தேவாலயத்தின் அடிக்கல்லினுள் 1853ஆம் ஆண்டுக் குண்டொன்று அகப்பட்டது. அது ஆலையாரின் ஆவலைக் கிளறியது. ஜோகல்சனும் விடாது தூண்டினார். பொருள் சேர்ப்போர் பழமையைப் பூட்டி வைப்பவர் என்று இகழ்வது நம்மவர் வழக்கம். இங்கோ, கேட்போர் இருந்தமையால் அன்றோ செய்வோர் மீண்டனர்! 1953இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவையொட்டி, அவர் திருவுருவம் பதித்த குண்டுகள் வெளிவந்தன. வெண்மண்ணால் ஆன அவ்வுருவம் கண்ணாடியினுள் வெள்ளிபோல் மின்னும்.