உஷார்! அந்த ராஜராஜன் நான் வரைந்தது

போன வாரம் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். "அண்ணே, தஞ்சாவூர் பெரிய கோயில் சுவத்துல கண்டுபிடிச்ச ராஜராஜனோட அசல் முகமாம். நீங்க பார்த்தீங்களா?" திறந்து பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது நான் வரைந்த படம். இரண்டு வருஷத்துக்கு முன் ராஜராஜனின் ஐப்பசி சதய விழா பேனருக்காக ஒருவர் கேட்டு, நான்கு இரவு உட்கார்ந்து டேப்லட்டில் வரைந்து கொடுத்தது. மூலையில் நான் போட்டிருந்த பெயரையும் "கற்பனை ஓவியம்" என்ற வரியையும் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

படத்தில் இருக்கும் தவறுகளை நானே சொல்லிவிடுகிறேன். கழுத்தில் செண்டுமல்லி மாலை. மஞ்சள் நிறம் எடுப்பாக இருக்கும் என்று போட்டேன். செண்டுமல்லியின் தாயகம் மெக்சிகோ. கொலம்பஸ் அந்தப் பக்கம் கப்பல் விட்டதே 1492-இல். ராஜராஜன் ஆண்டதோ 985 முதல் 1014 வரை. அவர் அந்தப் பூவைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. பின்னணியில் பெரிய நந்தியும் மண்டபமும். இரண்டும் நாயக்கர் காலத்தவை; 1010-இல் கோயில் எழும்பி நின்றபோது அவை அங்கே இல்லை. மார்பில் இரும்புத் தகட்டுக் கவசம். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், நான் பார்த்த சினிமாவிலிருந்துதான்.

பேனர் கிழிந்து போயிருந்தால் கவலையில்லை. இப்போது அது "ஆதாரம்" என்று சுற்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். டிஜிட்டலில் வரலாற்று மனிதர்களை வரையும் தம்பி தங்கைகளே, அந்தப் படங்களைப் பகிர்கிறவர்களே, உஷாராக இருங்கள்!

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஆபத்து புரியும். முதலில் இணையத்தில் ரெஃபரன்ஸ் தேடுவோம். கிடைப்பதில் முக்கால்வாசி இன்னொருவர் வரைந்தது, அல்லது ஒரு நடிகரின் முகம். சிவாஜி 1973-இல் 'ராஜராஜ சோழன்' படத்தில் நடித்தார். 2022-இல் 'பொன்னியின் செல்வன்' வந்தது. பெரிய கோயிலுக்கு வெளியே நிற்கும் சிலையும் 20-ஆம் நூற்றாண்டில் செய்ததுதான். இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு லேயரில் கோட்டுருவம், அதன்மேல் அடிநிறம், அதன்மேல் நிழல், அதன்மேல் நகை, கடைசியாகத் தோலில் துளைகளும் வியர்வைப் பளபளப்பும். ஐம்பது அறுபது லேயர் ஆகிவிடும். எது கல்வெட்டைப் படித்துப் போட்டது, எது மனம்போனபடி போட்டது என்பது அந்த லேயர்களைப் பிரித்துப் பார்க்கும் எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லாவற்றையும் மெர்ஜ் செய்து ஜேபெக்காக வெளியே விட்ட நொடியில் அந்த வித்தியாசம் செத்துப் போகிறது. அப்புறம் செண்டுமல்லியும் உண்மை, கவசமும் உண்மை.

பழைய காலத்தில் கையால் வரைந்த படம் பார்த்தாலே வரைந்தது என்று தெரியும். இன்று தோல் துளை வரை வரைந்துவிடுகிறோம். பார்ப்பவர் அதைப் புகைப்படம் போல நம்பிவிடுகிறார். நம் திறமையே இங்கே விஷமாகிறது.

சரி, ராஜராஜனின் முகத்துக்கு என்னதான் சான்று? மிகக் குறைவு. பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் இருவர் நிற்கும் ஒரு காட்சியைக் கருவூர்த்தேவரும் ராஜராஜனும் என்று சொல்வதுண்டு. அது அவர்தானா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. அந்தச் சுவர்களில் அரச கோலத்தில் இருப்பவர்களைப் பாருங்கள்: வெற்று மேனி, அதன்மேல் நகைகள், உச்சியில் முடிந்த கொண்டை. அங்கே இரும்புக் கவசத்துக்கு வேலையில்லை. 2018-இல் அகமதாபாதிலிருந்து மீட்டு வந்த ராஜராஜனின் செப்புத் திருமேனியிலும் அவர் கைகூப்பி நிற்கிறார், வாளை ஓங்கவில்லை. அவர் காசுகளில் இருப்பதோ நான்கைந்து கோடுகளில் முடிந்த உருவம். மூக்கு எப்படி, மீசை எப்படி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

அந்த உள்சுற்றுச் சுவரையே நினைத்துப் பாருங்கள். சோழர் ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு பூசி நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டினார்கள். மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறொன்று இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். அதுவரை அடியில் ஒரு சோழர் ஓவியம் இருப்பது உலகத்துக்குத் தெரியாது. பிறகு தொல்லியல் துறையினர் மேல் ஓவியத்தையும் சிதைக்காமல் தனியே பிரித்தெடுத்தார்கள். சுவரில் அது முடிந்தது. இணையத்தில் பத்தாயிரம் கைபேசிகளுக்குப் போன படத்தை யார் பிரித்தெடுப்பது?

ஏஐ வந்தபிறகு நிலைமை இன்னும் மோசம். சோதனைக்காக ஒரு செயலியிடம் ராஜராஜனை வரையச் சொன்னேன். தலைப்பாகையில் இறகு செருகிய, வடநாட்டு தர்பாரில் உட்கார்ந்த ஒரு ராஜாவைக் கொடுத்தது. அதன்மேல் கொஞ்சம் பிரஷ் ஓட்டி விபூதியை மட்டும் சேர்த்து "என் ஓவியம்" என்று போடுகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

ஒரு முகம் ஊரில் நிலைத்துவிட்டால் அதை வைத்துச் சண்டையும் வரும். வள்ளுவரின் உருவம் வேணுகோபால் சர்மா போன நூற்றாண்டில் மனத்தால் கண்டு வரைந்தது. 2019-இல் வள்ளுவரின் உடைக்கு என்ன நிறம் என்று எவ்வளவு பெரிய தகராறு நடந்தது!

வரைகிறவர்கள் டேப்லட்டைத் திறக்கும் முன் ஒரு வாரமாவது அருங்காட்சியகத்துக்கும் நூலகத்துக்கும் போங்கள். லேயர்களுக்கு "சான்று", "ஊகம்", "கற்பனை" என்று பெயர் வையுங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். "கற்பனை ஓவியம்" என்பதையும் வருஷத்தையும் மூலையில் போடாமல், வெட்டினால் படமே கெடும் இடத்தில் எழுதுங்கள். நான் மூலையில் எழுதி ஏமாந்தேன். பேனர் கேட்பவர் "அதெல்லாம் வேண்டாம் சார், அசிங்கமா இருக்கும்" என்பார். அந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்றவர்களிடம் ஒரே வேண்டுகோள். செண்டுமல்லி மாலையும் இரும்புக் கவசமும் போட்டு, நந்தி மண்டபத்துக்கு முன்னால் ஒரு ராஜராஜன் நிற்கும் படம் உங்கள் கைபேசிக்கு வந்தால், யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவரிடம் திருப்பிச் சொல்லுங்கள்: அது கோயில் சுவரில் இருந்தது இல்லை, இரண்டு வருஷத்துக்கு முன் டேப்லட்டில் வரைந்தது.