மருத்துவ மாணவர் மனநலம்

மருத்துவ மாணவர் மனநலம் என்பது மருத்துவப் பட்டப்படிப்பும் பட்டமேற்படிப்பும் பயில்வோரின் உளநிலையையும், அதனைப் பேணும் வழிமுறைகளையும் குறிக்கும். மருத்துவ மாணவர்களிடையே மனச்சோர்வு பரவலாகக் காணப்படுகிறது. பிறரின் நோயை அறியக் கற்பவர்களே தமக்கு நோய் வரும்போது உதவி நாடத் தயங்குவது இதன் முக்கியச் சிக்கலாகும்.

பரவல்

உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதன்படி மருத்துவ மாணவர்களில் 27.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. 11.1 விழுக்காட்டினருக்குத் தற்கொலை எண்ணம் இருந்தது. மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் 15.7 விழுக்காட்டினரே சிகிச்சை பெற முன்வந்தனர்.

இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இணையவழிக் கணக்கெடுப்பில் 25,590 பட்டப்படிப்பு மாணவர்களும் 5,337 பட்டமேற்படிப்பு மாணவர்களும் விடையளித்தனர். பட்டப்படிப்பு மாணவர்களில் 27.8 விழுக்காட்டினரும் பட்டமேற்படிப்பு மாணவர்களில் 15.3 விழுக்காட்டினரும் தமக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிவித்தனர். இவை தாமாக முன்வந்து விடையளித்தோர் கூறியவை என்பதால், மாணவர் அனைவருக்கும் அப்படியே பொருத்திவிட இயலாது.

காரணங்கள்

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுக் கல்வியும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்டது. முதலாம் ஆண்டிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய பாடங்களை ஒருங்கே கற்க வேண்டும். முதலாண்டுத் தேர்வை நான்கு முயற்சிகளுக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு. பள்ளியில் முதலிடம் பெற்றுவந்த மாணவர், தம்மைப் போன்றே முதலிடம் பெற்ற பலருள் ஒருவராகிறார். ஒரு தேர்வில் தவறினாலும் அதனைத் தம் தகுதிக்கே குறைவு எனக் கருதும் நிலை இதனால் உண்டாகிறது. மருத்துவமனைப் பயிற்சியின்போது நோயாளியின் இறப்பை நேரில் காண்பதும் உறக்கமின்மையும் இதனுடன் சேர்கின்றன.

மொழியும் குடும்பச் சூழலும்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020 இல் இயற்றியது. இதனால் சிற்றூர்களிலும் தொழில்சார் ஊர்களிலும் இருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரி செல்வோர் மருத்துவம் பயில வழி ஏற்பட்டது. இவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கிலப் பாடநூலைப் புரிந்துகொள்ள எடுக்கும் கூடுதல் நேரத்தைத் தம் அறிவுக் குறைவு என இவர்கள் தவறாக எண்ணிக்கொள்ள வாய்ப்புண்டு.

திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி பட்டுச் சேலை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கைத்தறி நெசவு, குடும்பத்தார் அனைவரும் பங்குகொள்ளும் தொழில் ஆகும். தறியில் ஒருவர் நெய்தாலும் தார் சுற்றுவது முதலிய வேலைகளைப் பிறர் செய்கின்றனர். இத்தகைய வீட்டிலிருந்து ஒருவர் விடுதிக்குச் செல்லும்போது, தம் பங்கு உழைப்பைப் பிறர் சுமக்கின்றனர் என்ற எண்ணம் எழக்கூடும். பெற்றோரைக் கவலைக்குள்ளாக்கக் கூடாது எனத் தம் துன்பத்தை மறைப்பவருக்கு உதவி கிடைப்பது தாமதமாகிறது.

ராகிங்

1996 இல் சிதம்பரத்தில் மருத்துவம் பயின்ற முதலாண்டு மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997 இல் இயற்றப்பட்டது. மருத்துவக் கல்லூரிகளுக்கெனத் தேசிய மருத்துவ ஆணையம் 2021 இல் தனி விதிமுறைகளை வெளியிட்டது.

அறிகுறிகள்

தேர்வுக்கால அச்சம் இயல்பானது. தேர்வு முடிந்ததும் அது தணிந்துவிடும். மாறாக, இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் துயரம், எதிலும் ஆர்வமின்மை, உறக்கத்திலும் பசியிலும் மாற்றம், கவனக் குறைவு, தாம் பயனற்றவர் என்ற எண்ணம் ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள் ஆகும். வகுப்புக்கு வராமல் அறையிலேயே தங்குதல், நண்பர்களைத் தவிர்த்தல் ஆகியவற்றை உடன் பயில்வோர் எளிதில் கவனிக்கலாம். இறப்பைப் பற்றிப் பேசுபவரிடம் தற்கொலை எண்ணம் உள்ளதா என நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் தூண்டப்படுவதில்லை. அவர் மனம் திறந்து பேச அது உதவுகிறது.

பேணும் முறைகள்

கற்றவை நினைவில் பதிவதற்கு உறக்கம் தேவை. ஆகவே இரவு முழுதும் விழித்துப் படிப்பது படிப்புக்கே எதிரானது. நாள்தோறும் சிறிது உடற்பயிற்சி, குழுவாகப் படித்தல், வீட்டாருடன் மதிப்பெண் தவிர்ந்த செய்திகளையும் பேசுதல் ஆகியவை பயன்தரும். நூல் அறிவைக் கொண்டு தாமே நோயறிந்து மருந்து உட்கொள்வது தவறு. இவ்வழிகள் மனச்சோர்வுக்கான சிகிச்சைக்கு மாற்று ஆகமாட்டா.

நிறுவனங்களின் பொறுப்பு

மாணவரின் தனி முயற்சி மட்டும் போதாது. பணிக்குழுவின் 2024 அறிக்கை, பயிற்சி மருத்துவர்களின் பணிநேரம் வாரத்துக்கு 74 மணி நேரத்தை மிஞ்சலாகாது என்றும், வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்காக மனநல நல்லாதரவு மன்றங்களை ஏற்படுத்தும் 'மனம்' திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

உதவியும் சட்டப் பாதுகாப்பும்

2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் சினேகா என்னும் தன்னார்வ அமைப்பு தற்கொலைத் தடுப்புப் பணி ஆற்றிவருகிறது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இன் 23 ஆம் பிரிவு, சிகிச்சை பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. 115 ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை ஆகும்.