எடிங்டன் கேலி செய்த விண்மீன்

1935 ஜனவரி 11, லண்டன். ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் தன் கணக்கை விளக்கினார் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து கேம்பிரிட்ஜ் போனவர், வயது 24. எரிபொருள் தீர்ந்த விண்மீன், சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு எடையைத் தாண்டிவிட்டால் வெண்குள்ளன் என்ற சிறிய, அடர்ந்த விண்மீனாக அடங்காது, சுருங்கிக்கொண்டே போகும். அடுத்துப் பேசியவர் ஆர்தர் எடிங்டன். அன்று வானியலில் அவர் சொன்னதே தீர்ப்பு. அப்படியானால் விண்மீன் சில கிலோமீட்டருக்குள் ஒடுங்கித் தன் ஒளியையே வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், இது அபத்தம், இதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். அவை சிரித்தது.

கேலி செய்ய வந்தவர் கருந்துளையை அச்சாக வர்ணித்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை. நம்ப மட்டும் மனம் வரவில்லை. அவரை மட்டும் சொல்வானேன்? 1939-ல் ஐன்ஸ்டைனே அப்படியொன்று உருவாகாது என்று கட்டுரை எழுதினார். அதே ஆண்டு ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் உருவாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். காகிதத்தில் எல்லாம் தயார். வானத்தில் சுட்டிக்காட்டத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்று அந்த 1.4, ‘சந்திரசேகர் எல்லை’ என்ற பாடப்புத்தக எண். பெரிய விண்மீனின் நடுவே அணுக்கரு இணைவு படிப்படியாக நடந்து இரும்பில் வந்து நிற்கும். இரும்பை இணைத்தால் ஆற்றல் வராது, செலவுதான். பூமியளவே உள்ள அந்த இரும்புக் கரு சந்திரசேகர் எல்லையைத் தொட்டதும் ஒரு நொடிக்குள் இடிந்து விழுகிறது. மிஞ்சுவது நியூட்ரான் விண்மீன். எடை இன்னும் கூடினால் கருந்துளை.

சாட்சிகளும் வந்துவிட்டன. சிக்னஸ் எக்ஸ்-1-ல் கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு ஒரு நீல விண்மீன் 5.6 நாளுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. தெரியாத அந்த ஒன்றின் எடை ஏறக்குறைய 21 சூரியன். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகளில், இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான ஈர்ப்பலை பதிவானது. மூன்று சூரியன்களின் எடை அந்த ஒரு மோதலில் அலையாகவே கரைந்துபோயிருந்தது. 2019-ல் எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படமும் வெளியானது. அந்த ஆரஞ்சு நிறம் நாம் பூசியது. பதிவானவை ரேடியோ அலைகளே.

சந்திரசேகர் 1930-களின் முடிவில் தன் விண்மீன் ஆய்வை ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார். 1970-களில் கருந்துளைக் கணிதத்துக்குத் திரும்பினார். நோபல் பரிசு 1983-ல்தான் வந்தது.

இப்போது கருந்துளை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. தகராறு ராட்சதக் கருந்துளைகளைப் பற்றியது. பிரபஞ்சத்துக்கு நூறு கோடி வயது ஆவதற்குள்ளேயே நூறு கோடி சூரிய எடையில் சில உட்கார்ந்திருக்கின்றன. செத்த விண்மீன் ஒன்று வாயுவை விழுங்கி விழுங்கி அத்தனை சீக்கிரம் அப்படிப் பெருத்துவிடுமா? விண்மீனாகாமலேயே ஒரு மாபெரும் வாயு மேகம் நேரே கருந்துளையாகச் சரிந்திருக்கலாம் என்கிறது ஒரு தரப்பு. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை; தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பம் போடுகிறார்கள்.