டிஜேயின் காதுக்கு முதல் பாடங்கள்

டிஜே என்று சுருக்கமாக அழைக்கப்படும் டிஸ்க் ஜாக்கி, பிறர் படைத்து ஒலிப்பதிவு செய்த இசையைத் தேர்ந்தெடுத்து, ஆட்டம் நடுவில் அறுபடாதபடி ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்பவர். புதிதாக இத்தொழிலுக்கு வருவோர் பெரும்பாலும் கருவிகளின் விலையையும் அவற்றில் உள்ள குமிழ்களின் எண்ணிக்கையையும் பார்த்து மலைக்கின்றனர். ஆனால் பயிற்சி கையைவிடக் காதுக்கே மிகுதியாகத் தேவை என்பதை இக்கலை வளர்ந்த விதமும், அதன் அடியில் இயங்கும் ஒலியியலும் ஒருசேரக் காட்டுகின்றன.

1960-களின் இறுதியில் நியூயார்க்கின் சாங்க்சுவரி என்னும் நடன அரங்கில் இசைத்தட்டுகளை இயக்கிய ஃபிரான்சிஸ் கிராஸோ, ஒரு பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாடலை ஹெட்ஃபோனில் தமக்கு மட்டும் கேட்கவைத்து, இரண்டின் தாளத் துடிப்புகளையும் பொருத்திய பின்னரே அதை அரங்குக்குத் திறந்துவிடும் முறையைப் பரவச் செய்தார். பீட்மேட்சிங் எனப்படும் இந்த முறை அன்று எளிதாக இருக்கவில்லை. இசைத்தட்டைச் சுழற்றும் கருவியின் வேகத்தை நுட்பமாக மாற்றும் வசதி குறைவாக இருந்ததோடு, மனித டிரம்மர்கள் வாசித்த தட்டுகளில் வேகம் இயல்பாகவே சற்று ஏறியும் இறங்கியும் சென்றது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1972-இல் வெளியிட்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, இடையில் பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுழற்றும் அமைப்பைக் கொண்டிருந்ததால், விரலால் நிறுத்திவிட்டாலும் நொடியில் பழைய வேகத்தைப் பிடித்தது. 1979-இல் வந்த அதன் இரண்டாம் வடிவம், வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ உதவும் பிட்ச் ஃபேடர் என்னும் நகர்த்துக் குமிழைப் பக்கவாட்டில் பெற்றிருந்தது. இன்றைய டிஜிட்டல் கருவிகளிலும் பிட்ச் ஃபேடர் அதே இடத்தில்தான் இருக்கிறது.

துடிப்புகள் பொருந்துவது ஏன் இவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதை எளிய கணக்கு ஒன்று விளக்கும். ஒரு நிமிடத்தில் விழும் துடிப்புகளின் எண்ணிக்கையைப் பிபிஎம் என்பர். 125 பிபிஎம் பாடலில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 480 மில்லிவினாடி இருக்கிறது. 126 பிபிஎம் பாடலில் அது ஏறத்தாழ 476 ஆகக் குறைகிறது. நான்கு மில்லிவினாடியைக் காது பிரித்தறியாது என்றாலும், எட்டுத் துடிப்புகளுக்குள் இடைவெளி 30 மில்லிவினாடியாகத் திரண்டு, ஒரே அடியாகக் கேட்ட இரு டிரம்களும் இரட்டை அடியாகப் பிரியத் தொடங்குகின்றன. அரை நிமிடத்தில் ஒன்றின் அடி மற்றொன்றின் நடுவே விழுந்து, ஆடுபவரின் காலுக்கு எதை நம்புவது என்று தெரியாமற்போகிறது. வேறுபாடு 0.1 பிபிஎம் மட்டுமே என்றாலும், ஒரு நிமிடத்தில் 48 மில்லிவினாடி விலகல் சேர்ந்துவிடும். ஆகவே வேகத்தை ஒருமுறை பொருத்திவிட்டு ஓய்ந்திருக்க இயலாது. எந்தப் பாடல் முந்துகிறது, எது பிந்துகிறது என்பதைக் கேட்டு, அவ்வப்போது விரலால் தள்ளியும் தடுத்தும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

இன்றைய மென்பொருள்களில் சிங்க் என்னும் பொத்தான் இந்த வேலையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடுகிறது. அதைத் தொடுவோர் டிஜேவே அல்லர் என்ற வாதம் ஓயாமல் நடந்தாலும், அது வீண் வாதம் என்றே சொல்ல வேண்டும். கவலைக்குரியது, பொத்தான் தவறும் இடங்களை அறியாமல் அதை நம்புவதே. மென்பொருள் பாடலின் மேல் சீரான துடிப்புக் கட்டங்களை வரைந்து, அவற்றையே ஆதாரமாகக் கொள்கிறது. நேரடியாக வாத்தியக் குழுவை வைத்துப் பதிவான பழைய திரைப்பாடல்களில் வேகம் இடையிடையே நெகிழ்வதால் அந்தக் கட்டங்கள் விலகிவிடும். திஸ்ர நடையில் துள்ளும் டப்பாங்குத்துப் பாடல்களில், மூன்றாகப் பிரியும் துடிப்பை நான்காகப் பிரியும் துடிப்போடு இணைக்கும்போது எண்கள் ஒத்துப்போனாலும் நடை ஒத்துப்போவதில்லை. சென்னையிலோ கோலாலம்பூரிலோ ஒரு திருமண வரவேற்பில் இசைக்க நினைப்பவருக்கு இந்தக் குறைபாடு முதல் நாளிலேயே எதிர்ப்படும்.

வேகத்தோடு சுருதியும் கட்டுண்டிருக்கிறது. இசைத்தட்டை விரைவாகச் சுழற்றினால் அதிலுள்ள ஒவ்வோர் அதிர்வும் அதே விகிதத்தில் விரைவுபடும். மேற்கத்திய இசையின் பன்னிரு சுரப் பகுப்பில் அடுத்தடுத்த இரு சுரங்களின் அதிர்வெண்கள் ஏறத்தாழ 5.95 விழுக்காடு வேறுபடுவதால், 120 பிபிஎம் பாடலை 127-க்கு ஏற்றும்போது அதன் சுருதியும் அரைக்கட்டை அளவுக்கு உயர்ந்துவிடுகிறது: ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக் கட்டையில் பாடியவராகிறார். இந்தக் கட்டை அவிழ்க்கும் வழிகளுள் ஒன்று 1966-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளானகன், கோல்டன் ஆகியோர் விவரித்த ஃபேஸ் வோகோடர். ஒலியைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் அதிர்வெண்களையும் கணித்து, கால அளவை மட்டும் நீட்டியோ சுருக்கியோ மீண்டும் ஒட்டுவது அதன் சாரம். கருவிகளில் கீ லாக் என்ற பெயரில் இருக்கும் வசதி இத்தகைய முறைகளால் இயங்குகிறது. ஆனால் மாற்றம் பெரிதாகப் பெரிதாக டிரம்மின் கூர்மையான அடிகள் மழுங்குவதால், வேகத்தில் நெருங்கிய பாடல்களைத் தேர்வதே தொடக்கநிலையில் உகந்தது.

பாடல் தேர்வில் வேகத்தைவிட முதன்மையானது உள்ளமைப்பு. நடன இசையில் நான்கு துடிப்புகள் ஒரு பார், எட்டுப் பார்கள் ஒரு பத்தி என்ற பகுப்பு பரவலாக இருக்கிறது. 125 பிபிஎம்மில் இந்த 32 துடிப்புப் பத்தி ஏறக்குறைய 15 வினாடி நீடித்து, அதன் முடிவிலேயே புதிய வாத்தியம் நுழைவதோ குரல் விலகுவதோ நிகழ்கிறது. இரு பாடல்களின் பத்திகளும் ஒரே கணத்தில் தொடங்காவிட்டால், துடிப்பு பிசகாமல் இருந்தும் கலவை இடறும். இந்த உள்ளமைப்பைக் காதால் மட்டுமன்றிக் கண்ணாலும் பிடிக்க முயன்றவர், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் இயங்கிய கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் பிரேக் என்னும் பகுதியை, 1973-ஆம் ஆண்டிலிருந்தே கூல் ஹெர்க் இரு தட்டுகளைக் கொண்டு நீட்டிவந்தார். மின்னணுவியல் பயின்றிருந்த ஃபிளாஷ், அந்தப் பகுதி தொடங்கும் இடத்தைத் தட்டின் மேல் வண்ணக் கிரேயானால் குறித்து, எத்தனை சுற்றுப் பின்னோக்கித் திருப்பினால் அது மீண்டும் கிடைக்கும் என்று எண்ணிக் கணித்தார். இன்றைய கருவிகளின் ஹாட் கியூ பொத்தான்கள் நினைவில் வைப்பது அந்தக் கிரேயான் கோட்டைத்தான். ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சேர்த்துவைத்து எதையும் முழுமையாக அறியாதவரைவிட, முப்பது பாடல்களில் குரல் எங்கே நுழைகிறது, பேஸ் எங்கே விலகுகிறது என்று மனப்பாடமாக அறிந்தவர் விரைவில் தேறுவார்.

அந்த முப்பதிலும் தொடக்கமும் முடிவும் வெறும் தாளமாக நீளும் எக்ஸ்டெண்டட் வடிவங்கள் கலப்பதற்கு இடம் தருகின்றன. அவற்றுக்கு வழியமைத்தவர் டாம் மோல்டன். 1970-களின் நடுவில் அவர் பாடல்களை நீட்டி 12 அங்குலத் தட்டில் வெட்டியபோது, பள்ளங்களுக்கு இடையே அகலம் கிடைத்ததால் பேஸ் முன்னிலும் வலுவாக ஒலித்தது. தாழ்ந்த ஒலிக்குப் பள்ளத்தின் பக்க அசைவு பெரிதாக வேண்டியிருப்பதே காரணம்.

அதே பேஸ்தான் கலக்கும்போது மிகுந்த தொல்லை தருகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 20 மில்லிவினாடி நீளமுடையது. ஆகவே சம வலிமையுள்ள இரு கிக் டிரம்கள் காதுக்கு ஒன்றாகவே பட்டாலும், அவற்றிடையே 10 மில்லிவினாடி விலகல் இருந்தால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து பேஸ் கரைந்துபோகும். விலகலே இல்லாவிட்டால் 6 டெசிபல் கூடி ஒலிபெருக்கி திணறும். மிக்ஸரில் தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளுக்குத் தனித்தனிக் குமிழ்கள் இருப்பதன் பயன் இங்கே விளங்கும்: புதிய பாடலைப் பேஸ் நீக்கி உள்ளே கொணர்ந்து, பத்தி முடியும் கணத்தில் ஒன்றின் பேஸைக் குறைத்து மற்றதன் பேஸைத் திறப்பது தொழிலில் நிலைபெற்ற வழக்கம்.

பேஸ் காதுக்கு எட்டாத நிலையிலும் உடலை அசைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மின்னணு இசை நிகழ்ச்சியில், 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஒலிபெருக்கிகளை விட்டுவிட்டு இயக்கினர். அவை இயங்குவதை உணராதபோதும் பார்வையாளர்கள் சராசரியாக 11.8 விழுக்காடு கூடுதலாக அசைந்தனர் என்று 2022-இல் வெளியிட்டனர். எனினும் வலிமை ஒன்றே போதாது. எதிர்பார்த்த இடத்தில் அடி விழாமல் சற்று விலகி விழும் சிங்கோபேஷன் நடுத்தர அளவில் இருக்கும்போதே ஆட விருப்பம் மிகுகிறது என்றும், அது மிகக் குறைந்தாலோ மிகுந்தாலோ விருப்பம் தணிகிறது என்றும் 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறுகிறது.

அரங்குக்குச் சென்றதும் வீட்டில் பயின்ற கணக்குகள் ஒருமுறை குலையும். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், பத்து மீட்டர் தொலைவில் இருக்கும் ஒலிபெருக்கியின் அடி டிஜேயை 29 மில்லிவினாடி தாமதமாக அடைகிறது. அதைக் கேட்டு ஹெட்ஃபோனில் பொருத்தினால், பாடல்கள் அவர் நிற்கும் இடத்தில் மட்டும் பொருந்தி அரங்கில் பிரிந்து நிற்கும். இதனாலேயே அவர் அருகில் மானிட்டர் என்னும் தனி ஒலிபெருக்கி வைக்கப்படுகிறது. அதன் ஒலியளவிலும் கட்டுப்பாடு தேவை: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை, ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாவதால், 100 டெசிபலில் அது 15 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. களைத்த காதுக்கு உயர்ந்த ஒலிகள் மங்கலாகக் கேட்பதால், இரவு முதிர முதிர டிஜேயின் கை டிரெபிள் குமிழை நோக்கித் தன்னாலே செல்லும். எல்லா அலைவரிசைகளையும் சமமாகத் தணிக்கும் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான்களை முதல் ஹெட்ஃபோனோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.