தேரையின் விஷமும் தளர்ந்த இருதயமும்

உடைத்த தேங்காயில் பருப்பு இல்லாவிட்டால் "தேரை மோந்துவிட்டது" என்பது நம் பக்கத்துப் பேச்சு. தேங்காய் விஷயத்தில் தேரை நிரபராதி. ஆனால் இருதய விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அதன் விஷம் பிராணிகளின் இருதயத்தை என்ன செய்கிறது என்று விஞ்ஞானிகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள்.

தேரையின் கண்களுக்குப் பின்னால் இருபுறமும் புடைத்த சுரப்பிகள் உண்டு. எதிரி கவ்வினால் அவற்றிலிருந்து பால் போன்ற திரவம் கசியும். சீன வைத்தியர்கள் அதை உலர்த்தி 'சான் சூ' என்ற பெயரில் வலி, வீக்கம், இருதய பலவீனம் ஆகியவற்றுக்கு நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர்.

பூனையிடம் சோதனை

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் ஜான் ஏபெல், டேவிட் மாக்ட் என்ற இருவரும் 1911-12-ல் வெப்ப நாட்டுப் பெருந்தேரையின் விஷத்தைப் பிரித்தனர். அதில் அட்ரினலினும், 'பூபாகின்' என்ற ஸ்டீராய்டும் இருந்தன. பிறகு 1930-களில் கே. கே. சென் என்ற சீன விஞ்ஞானி, பல வகைத் தேரைகளின் விஷத்தைப் பூனைகளிடம் சோதித்தார்.

முடிவு விசித்திரமானது. சிறு அளவில் விஷம் இருதயத்தின் சுருக்கத்தைப் பலப்படுத்தியது. அளவு கூடினால் துடிப்பு தாறுமாறாகி, கடைசியில் நின்றே போனது.

டாக்டர்களுக்கு இது பழகிய குணம்தான். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் 1785-ல் விவரித்த டிஜிட்டாலிஸ் செடியும் இதைத்தான் செய்கிறது. இன்றும் இருதயத் தளர்ச்சிக்குக் கொடுக்கப்படும் டிகாக்ஸின் மாத்திரை அந்தச் செடி இனத்திலிருந்து வந்தது. நம் ஊர் அரளியின் நஞ்சும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

பம்பு அடைபட்டால்

உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு பம்பு உண்டு. அது சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூ, நண்டின் நரம்பில் இதைக் கண்டு 1957-ல் வெளியிட்டார். அதற்காக 1997-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

தேரை விஷம் இந்தப் பம்பைத்தான் அடைக்கிறது. சோடியம் உள்ளே தேங்கினால் கால்ஷியம் வெளியேறுவது குறைகிறது. உள்ளே தங்கிய கால்ஷியம் இருதயத் தசையை இறுகச் சுருங்க வைக்கிறது. தளர்ந்த இருதயத்துக்குக் கொஞ்சம் அடைப்பு உதவி. அதற்கு மேல் ஆபத்து. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது.

இதற்குப் பம்புதான் காரணம் என்பதற்கு உடும்பே சாட்சி. கரும்பு வண்டை ஒழிக்க 1935-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன பெருந்தேரைகளைத் தின்ற அந்நாட்டு உடும்புகள் ஏராளமாக மடிந்தன. தலைமுறை தலைமுறையாகத் தேரைகளோடு வாழும் ஆசிய, ஆப்பிரிக்க உடும்புகளின் பம்பிலோ சிறு மாறுதல் இருக்கிறது. அதனால் விஷம் அதில் சரியாக ஒட்டுவதில்லை. 2015-ல் வெளியான ஆராய்ச்சி இதைக் காட்டியது.

நம் உடலுக்குள்ளும்

இன்னொரு ஆச்சரியம்: தேரை விஷத்தில் உள்ள 'மாரினோபூபஜெனின்' என்ற ஸ்டீராய்டு சிறு அளவில் மனித உடலிலும் காணப்படுகிறது. இருதயத் தளர்ச்சியிலும் சிறுநீரகக் கோளாறிலும் அது அதிகமாகிறது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநில ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் வெளியிட்ட எலிச் சோதனை கவனிக்கத் தக்கது. சிறுநீரகத்தின் பெரும் பகுதி நீக்கப்பட்ட எலிகளின் இருதயம் பருத்து, தசையில் நார் படிந்தது. நல்ல எலிகளுக்கு இந்தப் பொருளைத் தொடர்ந்து செலுத்தியபோதும் அதே நிலைதான். அதற்கு எதிராகத் தடுப்பூசி போட்ட எலிகளுக்குப் பாதிப்பு குறைந்தது. சிறிது நேரம் தூக்கி நிறுத்தும் கை, நாள் கணக்கில் அழுத்தினால் நசுக்கவும் செய்யும் என்பதே இதன் பாடம்.

ஐவரில் நால்வர்

அளவு தெரியாமல் விழுங்கினால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் கண்டது. 1993 முதல் 1995 வரை, மேலே தடவுவதற்கென்று விற்ற 'ஆண்மை மருந்தை' 5 பேர் விழுங்கினர். நால்வர் இறந்தனர். அதில் இருந்தது தேரை விஷச் சரக்கு. டிகாக்ஸினை முறிக்கும் மருந்தே இதற்கும் முறிவாகப் பின்னர் பயன்பட்டது.

நாட்டுச் சரக்கில் எந்த வில்லையில் எவ்வளவு விஷம் என்பது தெரியாது. மாத்திரையில் தெரியும், அதுதான் வித்தியாசம். அளவு தெரிந்த டிகாக்ஸினும் சர்வரோக நிவாரணி அல்ல. 6,800 நோயாளிகளிடம் நடந்து 1997-ல் வெளியான சோதனையில் அது மரணத்தைக் குறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேரும் அவசியத்தை மட்டுமே குறைத்தது.

ஆகவே நடைபாதையில் விற்கும் வீரிய மருந்தை வாங்குமுன் ஒரு முறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது. ஊரில் இருக்கும் அப்பா, அம்மா டிகாக்ஸின் சாப்பிடுகிறார்களா? விட்டுப்போன மாத்திரைக்குச் சேர்த்து இரண்டாக விழுங்க வேண்டாம் என்று அடுத்த முறை பேசும்போது சொல்லுங்கள். பசி குறைந்து, குமட்டி, நாடி தாறுமாறாக ஓடி, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் மாத்திரை மிஞ்சியிருக்கலாம். தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.