'டெப்ளாய் ஆயிடுச்சு'னு சொன்னா போதுமா? கமாண்ட் லைனில் செக் செய்வது எப்படி?

"டெப்ளாய் பண்ணியாச்சு, என் லேப்டாப்ல புதுசுதான் வருது!" ஐடி டீம்களில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. அடுத்த நிமிடமே வாடிக்கையாளரிடம் இருந்து போன் வரும்: "இங்க இன்னும் பழைய பக்கம்தான் சார் வருது." இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் சிக்கலே.

ஒரு சர்வர் விடுபட்டால்?

அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் நிறுவனம், 2012 ஜூலை இறுதியில் தனது பங்கு வர்த்தக மென்பொருளின் புதிய கோடை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஏறியது 7-ல் மட்டும். இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. ஆகஸ்ட் 1-ம் தேதி சந்தை திறந்ததும், எட்டாவது சர்வரில் கிடந்த பழைய கோட் உயிர்பெற்று ஆர்டர்களை அள்ளி வீசியது. சுமார் 45 நிமிட கூத்தில் 46 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். சந்தை திறக்கும் முன்பே சிஸ்டம் 97 மெயில்கள் அனுப்பியிருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அது வெப்சைட் இல்லைதான். ஆனால் பாடம் ஒன்றே.

பிரவுசரை ஏன் நம்பக்கூடாது?

பிரவுசர் பழைய நகலை கேஷில் வைத்திருக்கும். நடுவில் சிடிஎன் தன் பங்குக்கு ஒரு நகல் வைத்திருக்கும். பின்னால் உள்ள பல சர்வர்களில் பதில் தந்தது எது என்பதும் திரையில் தெரியாது.

என்னென்ன பார்க்கலாம்?

கர்ல்: ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் உருவாக்கி, 1998 முதல் இந்தப் பெயரில் இருக்கும் கருவி. மேக், விண்டோஸ் 11 இரண்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஹெடரை மட்டும் கேட்டாலே பாதி விஷயம் புரியும். 200 என்றால் பதில் வந்துவிட்டது. 301 என்றால் நிரந்தரமாக வேறு முகவரி. 502 என்றால் பின்னால் உள்ள சர்வரிடம் இருந்து முறையான பதில் இல்லை. 'ஏஜ்' என்ற ஹெடர், அந்த நகல் கேஷில் எத்தனை விநாடி பழசு என்று காட்டும். 'ரிசால்வ்' ஆப்ஷனில் ஐபியைக் கொடுத்தால், குறிப்பிட்ட ஒரு சர்வரிடமே நேராகக் கேட்கலாம்.

டிக்: டொமைன் எந்த ஐபியைக் காட்டுகிறது என்று சொல்லும். கூடவே வரும் டிடிஎல் 3600 என்றால், ஒரு மணி நேரம் வரை சிலருக்குப் பழைய முகவரியே கிடைக்கலாம்.

ஓபன்எஸ்எஸ்எல்: சான்றிதழ் எப்போது காலாவதி என்று காட்டும். 2029 மார்ச் 15 முதல் வழங்கப்படும் சான்றிதழ்களுக்கு அதிகபட்ச ஆயுளே 47 நாட்கள்தான் என்பதால், இந்த செக் இனி கட்டாயம்.

200 வந்தா முடிஞ்சுதா?

இல்லை. பழைய கோடும் 200 என்றுதான் பதில் சொல்லும். அதனால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு வெர்ஷன் எண் கொடுத்து, அதை ஒரு ஹெடரிலோ சின்னப் பக்கத்திலோ காட்டும்படி வைப்பது நல்லது. டெப்ளாய் முடிந்ததும் எல்லா சர்வர்களிடமும் தனித்தனியாக அந்த எண்ணைக் கேட்க வேண்டும். 8 சர்வர் இருந்தால் 8-ம் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். 7 மட்டும் சொன்னால், 'டெப்ளாய் ஆயிடுச்சு' என்று குரூப்பில் மெசேஜ் போடாமல் இருப்பதே நல்லது.