இருநூறு ஆண்டுத் தேக்கு இன்னும் மிதக்கிறது

மைசூர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் மகாராணியின் சலூன் வண்டியைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1899-ஆம் ஆண்டைச் சேர்ந்த வண்டி அது. பழம்பொருள் எதைப் பார்த்தாலும் எழும் ஒரு கேள்வி அங்கும் எழும்: இதில் எது அந்தக் காலத்துப் பாகம், எது பிறகு மாற்றியது?

பழைய பாய்மரக் கப்பல்களைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கடுமையானது. ரயில் பெட்டி கூரைக்கடியில் நிற்கலாம். கப்பல் தண்ணீரில் கிடக்கிறது. மரம் அழுகும், ஆணி துருப்பிடிக்கும். ஒவ்வொரு பலகையாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், மிஞ்சுவது பழைய கப்பலா, அதன் நகலா?

பம்பாயில் பிறந்தது

இதற்கு நல்ல விடை தரும் கப்பல் நம் நாட்டில் கட்டப்பட்டது. அதன் பெயர் 'டிரிங்கோமலி'. ஈழத்துத் திருகோணமலையைத்தான் ஆங்கிலேயர் அப்படி அழைத்தார்கள்.

அன்றைய பம்பாய்த் துறையில், பார்சி இனத்தவரான வாடியா குடும்பத்தார் 1816-இல் வேலையைத் தொடங்கினார்கள். அடிமரத்தில் தங்கள் வழக்கப்படி ஒரு வெள்ளி ஆணி அறைந்தார்கள். 1817 அக்டோபர் 12-ஆம் தேதி கப்பல் நீரில் இறங்கியது. பிரிட்டனில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. எனவே மலபார்த் தேக்கில் கட்டினார்கள்.

அந்தத் தேக்குதான் கப்பலைக் காப்பாற்றியது. தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. பூச்சியும் ஈரமும் எளிதில் அண்டுவதில்லை. ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கு அப்படிச் செய்வதில்லை. 1765-இல் நீரில் இறங்கிய ஓக் கப்பலான 'விக்டரி'யில் பெரும்பகுதி மரம் மாற்றப்பட்டுவிட்டது.

உடைப்பவர் கையிலிருந்து

1897-இல் 'டிரிங்கோமலி' உடைப்பதற்கு விற்கப்பட்டது. ஓர் ஆர்வலர் அதை வாங்கி, வேறு பெயரிட்டு, இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் கப்பலாக்கினார். 1987-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்துக்குக் கொண்டு போனார்கள். 1990-இல் தொடங்கிய சீரமைப்பு 2001-இல் முடிந்தது. பழைய பெயரும் திரும்பியது.

பழைய மரத்தைக் கூடியவரை விட்டுவைத்தார்கள். இன்றும் கப்பலின் உடலில் பாதிக்கு மேற்பட்டது பம்பாயில் பொருத்திய தேக்குதான். பிரிட்டனில் இன்னும் மிதந்துகொண்டிருக்கும் மிகப் பழைய போர்க்கப்பல் இதுவே.

ஏன் இந்தப் பாடு?

புதுப் பலகை பூட்டுவது எளிது. பழைய பலகையைச் சோதித்து, கெட்ட பகுதியை மட்டும் நீக்கி, நல்லதோடு புது மரத்தை இணைப்பதற்குத்தான் பொறுமையும் கைத்திறனும் வேண்டும். ஆனால் பழைய மரத்தில்தான் அந்தக் காலத்துத் தச்சனின் வாய்ச்சி விழுந்த தடம் இருக்கும். துளை எங்கே, ஆணி எப்படி, இணைப்பு எவ்விதம் என்பதை அதுதான் சொல்லும். வரைபடத்தில் எழுதாத சங்கதி பலகையில் இருக்கும். அதை எறிந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. கப்பல் கட்டியவர்களில் பெயர் தெரிகிறவர் ஒரு சிலரே. மற்றவர்கள் விட்டுப்போன கையெழுத்து அந்த மரம்தான்.

வீட்டுக்கும் இது பொருந்தும். தாத்தா காலத்துத் தேக்குக் கதவின் அடிப்பகுதி மட்டும் உளுத்திருந்தால் கதவையே விற்றுவிட வேண்டியதில்லை. நல்ல ஆசாரி ஒருவரிடம் காட்டினால், உளுத்ததை வெட்டிவிட்டு, அதே இன மரத்தில் துண்டு சேர்த்துத் தருவார். கதவு பழையபடி நிற்கும். தாத்தாவின் கதவாகவே நிற்கும்.